மொதலாளி வந்தாச்சு

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து தீர்த்தம் கொண்டுவந்து வீடு முழுக்கத் தெளிப்பாள், நான் "நெட்டு பெட்டி மேல தெளிக்காதம்மா, ஷார்ட் ஆயிரும்" என்று சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்ட ஆள் நான். அதனால் இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன், போன வருடம் வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

பல்லடம் ரோட்டுப் பக்கம் இருக்கிற பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும் அது கெட்டால் போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ரவுட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறதில்லையா, கம்பெனிக்குள் வருகிற இன்டர்நெட்டை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது, அதற்குள் சின்னச் சின்னக் கட்டளைகள் எழுதி வைக்கலாம். ஸ்கிரிப்ட் என்போம். இது நடந்தால் இதைச் செய், அவ்வளவுதான் அதன் அறிவு. மெயின் லைன் போனால் இரண்டாவது லைனுக்கு மாறு, மாறினதும் எனக்கு மெசேஜ் அனுப்பு, இந்த மாதிரி. எதுவும் நடக்காமல் ஸ்கிரிப்ட் தானாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், எழுதின ஆள் தப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இதை எத்தனையோ பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அருள்புரத்தில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் செல்வராஜ் அண்ணன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். அங்கே முதலாளி காரை விட்டு இறங்கினால் தன் அறைக்குப் போக மாட்டார். நேராக நிட்டிங், அங்கிருந்து கட்டிங், பிறகு தையல், செக்கிங், கடைசியில் பேக்கிங் என்று நடந்துகொண்டே வருவார், வழியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் திட்டு விழும். எந்த நேரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"அவரு திட்டறது செரிதானுங்க அம்மிணி. ஆனா கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் எந்திரிச்சு வேலையப் பாப்பாங்கல்ல" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனியில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு வைஃபை பெட்டி இருக்கிறது, கேட்டிலும் ஒன்று. ஒவ்வொரு போனுக்கும் உள்ளேயே அதற்கென்று ஒரு நம்பர் உண்டு, நாம் கூப்பிடுகிற நம்பர் இல்லை, இது வேறு, போன் வைஃபையில் சேரும்போது அந்த நம்பர் பெட்டிக்குத் தெரியும். முதலாளி போனின் நம்பர் கேட்டில் இருக்கிற பெட்டியில் சேர்ந்ததும் சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் 'மொதலாளி வந்தாச்சு' என்று மெசேஜ் போகிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் நிட்டிங்கில் கால் வைப்பதற்குள் மொத்தக் கம்பெனியும் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். அவருக்கோ ஒரே பெருமை, ஆட்களுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று என்னிடமே சொன்னார். உண்மை தெரிந்திருந்தால் அண்ணனுக்கும் எனக்கும் அன்றோடு கணக்குத் தீர்ந்திருக்கும்.

போன சித்திரையில் முதலாளிக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆபரேஷன் ஆகியும் நினைவு திரும்பவில்லை. ஒரே மகள் கீர்த்தனா அங்கேயே கிடந்தாள். கம்பெனி அண்ணன் தலையில் விழுந்தது. அந்த வாரத்திலேயே எனக்கு அவரிடமிருந்து போன்.

"அம்மிணி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா. மெசேஜ் வருதுங்க."

"என்ன மெசேஜுங்ணா?"

"மொதலாளி வந்தாச்சுன்னு."

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறதாம். முதல் நாள் எல்லோரும் அடித்துப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறார்கள், யாரும் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்குள் செக்கிங்கில் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்து, இரண்டு பேர் வேலைக்கே வரவில்லை. விஷயம் கீர்த்தனா காதுக்குப் போனால் ஸ்கிரிப்ட் கதையும் சேர்ந்து போகும் என்று அண்ணனுக்குப் பயம். எனக்கு அந்தப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். நான் எழுதின ஸ்கிரிப்ட் தப்பு என்கிறாரே என்று.

போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் தான் எழுதுகிற வரியைத் தானே பார்த்துவிட்டு மறுபடி ஓடுவது ஒன்று உண்டு, நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. அது இல்லை. ரவுட்டரின் கடிகாரம் கெட்டுப் பழைய விஷயங்களைப் புதிது என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. கடிகாரம் சுத்தமாக இருந்தது. சரி, முதலாளியின் போனை யாரோ இங்கே வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று கீர்த்தனாவைப் போனில் கூப்பிட்டு, ஆபீஸ் மெயில் சரிபார்க்கிற சாக்கில் அப்பா போன் எங்கே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அப்பா போனா? அட்மிட் பண்ணுன அன்னைக்கே ஆஃப் பண்ணி என் பேக்குல போட்டதுங்க்கா. ஏனுங்க்கா?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு மத்தியானம் நானே பார்த்தேன். லேப்டாப்பில் அந்த நம்பர் கேட்டில் வந்தது. சூப்பர்வைசர்கள் போனெல்லாம் ஒரே நேரத்தில் சிணுங்கின. கொஞ்ச நேரத்தில் அது நிட்டிங் பெட்டிக்கு மாறியது, போனை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் நடந்தால் எப்படி மாறுமோ அப்படி. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், அண்ணன் எனக்குப் பின்னால். நிட்டிங்கில் மெஷின் ஓட்டுகிற ஒடிசாப் பையன்கள் தவிர யாரும் இல்லை. அது கட்டிங்குக்குப் போனது. நாங்கள் உள்ளே நுழைந்த நேரம் கட்டிங் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணி விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மெசேஜ் வராது, அவரிடம் வெறும் பட்டன் போன்தான். பட்டென்று மடிப்பை அவிழ்த்து வேட்டியைக் கால் வரைக்கும் இறக்கிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

"என்னாச்சுங்ணா?" என்றேன்.

"தெரியலீங்க. கை தானாப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

அன்று இரவு சாப்பிடும்போதே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். பயம் என்று சொல்ல மாட்டேன், கணக்கு ஒன்று வராமல் போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அந்த மாதிரி. உட்கார்ந்தால் எழ வேண்டும் போல இருந்தது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. அந்த நம்பரைக் கேட்டிலேயே பிளாக் செய்துவிட வேண்டியது. யாரோ ஒரு ஆள் அந்த நம்பரைத் திருடித் தன் போனில் போட்டு வைத்திருந்தால், நெட் வரவில்லை என்று அவனே வந்து நிற்பான். எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்கிறதுதான்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாங்க அம்மிணி. அவரு பாட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறாரு. நமக்கென்ன தொந்தரவு?"

"ஏனுங்ணா, நீங்களே இப்படிப் பேசுனா எப்படி? அவரு ஆஸ்பத்திரில இருக்காருங்ணா."

"அதனாலதானுங்க சொல்றேன்."

நான் கேட்கவில்லை. பிளாக் போட்டேன். வழக்கமான நேரத்துக்கு அது கேட்டுக்கு வந்தது. ரவுட்டர் மறுத்தது. மறுபடி கேட்டது, மறுத்தது. திரையில் வரி மேல் வரியாக ஓடிக்கொண்டே இருந்தது, அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று. சாதாரணமாகப் போன்கள் நாலைந்து முறை பார்த்துவிட்டு விட்டுவிடும். இது விடவில்லை. நான் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, வாட்ச்மேன் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், வேறு ஒருவரும் இல்லை. நெட் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. கீர்த்தனா. அவள் அழுவது எனக்கே கேட்டது. அப்பாவுக்குத் திடீரென்று நாடி இறங்குகிறது, டாக்டர்கள் எல்லோரும் உள்ளே ஓடியிருக்கிறார்கள், என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள் மாமா, உடனே புறப்பட்டு வாங்க என்றாள். அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"தொறங்க அம்மிணி."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்ணா."

"சம்பந்தம் இருக்குதோ இல்லியோ. உங்க கால்ல வேணாலும் வுழுகறேன், தொறந்து வுட்டுருங்க."

அந்த மனிதர் என் அப்பா வயது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், ஆனால் என் விரல் அதற்குள் பிளாக்கை எடுத்துவிட்டிருந்தது. திரையில் ஓடிய வரிகள் நின்றன. அந்த நம்பர் உள்ளே வந்தது. நிட்டிங், கட்டிங், தையல். நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பேக்கிங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கீர்த்தனா மறுபடி கூப்பிட்டாள், நாடி திரும்பிவிட்டது, டாக்டருக்கே ஆச்சரியம் என்று. அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்து அழுதார். நானும் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

நம்பினால் நம்புங்கள், நான் நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் நடந்தது என்பதால் ஒன்றினால்தான் இன்னொன்று என்று ஆகிவிடாது, இதை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். சில நாளில் முதலாளிக்கு நினைவு வந்தது. அன்றோடு மெசேஜும் நின்றது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு நான் பார்க்கப் போனேன். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். கீர்த்தனா காப்பி போட உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"ஏனம்மிணி, அன்னைக்கு எதுக்கு என்னையக் கேட்டுலயே நிறுத்திப்போட்டீங்க?"

ஸ்கிரிப்ட் பற்றி அவருக்குத் தெரியாது, பிளாக் பற்றி அண்ணனையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது, அண்ணன் சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

"நல்ல வெய்யலுங்க. வாட்ச்மேனைக் கூப்புட்டுப் பாத்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க ஜன்னல்ல நின்னு எட்டிப் பாத்தீங்க, அப்பவும் தொறக்கல" என்றார். கோபமில்லை, ஏதோ பஸ்ஸுக்கு நின்ற கதையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "நிக்கறதுகூடப் பரவால்லீங்க. பக்கத்துல ஒருத்தரு நின்னாரு. மரியாதையான ஆளுதான். இவங்க உங்களை உள்ள வுட மாட்டாங்க, வாங்க, நாம போலாம்னாரு. செரி, போலாம்னு நானும் திரும்பிட்டேன். அதுக்குள்ள தொறந்துட்டீங்க."

"அவரு யாருங்க?"

"தெரியலையே. நீங்க போங்க, எனக்கு அவசரமில்லைன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுட்டாரு."

கீர்த்தனா காப்பியோடு வந்தாள். நான் குடித்தேனா என்று ஞாபகமில்லை. ஆஸ்பத்திரி மருந்தில் கண்டதாக இருக்கும், அண்ணனே உளறியிருப்பார், இப்படி எல்லாம் நினைத்துக்கொண்டு வண்டியை வீட்டுக்கு விடாமல் நேராகக் கம்பெனிக்கு விட்டேன். வைஃபை பெட்டி தன்னிடம் சேர்ந்த போன்களை மட்டும் குறித்து வைக்காது, பக்கத்தில் வந்து போகிற போன்களும் அதற்குத் தெரியும். ரோட்டில் போகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் போன்கூட ஒரு நொடி தெரிந்து மறையும். பிளாக் போட்ட அன்றைய மத்தியானம் கேட்டுப் பக்கத்துப் பெட்டி குறித்து வைத்ததை எடுத்துப் பார்த்தேன். முதலாளியின் நம்பர் அனுமதி கேட்டுக் கேட்டுத் தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, அதை ஒட்டியே இன்னொரு நம்பர் இருந்தது. கம்பெனியில் யாருடையதும் இல்லை. முதலாளி உள்ளே போன பிறகும் அது கேட்டைவிட்டு நகரவில்லை.

இப்போதும் நகரவில்லை. வாரம் ஒருமுறை பார்க்கிறேன், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அது எங்கள் வைஃபையில் சேர வேண்டும் என்று இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் பிளாக்காவது செய்திருப்பேன். வாட்ச்மேன் அதே இடத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்கிறார், அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். நான் மட்டும் பின்னால் லாரி வருகிற வழியாகப் போகிறேன்.