நவீத்: பொருள், பிறப்பிடம், புகழ்

பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் பாடு; அந்தப் பெயருக்கு அர்த்தம் தேடிக் கொடுப்பது பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் பாடு. பஞ்சாயத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பம் அனுப்புவதுதான் என் வேலை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வருகிறவர்கள், அந்தப் பெயர் நல்லதா கெட்டதா என்றும் என்னிடமே கேட்பார்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதையே இணையத்தில் தேடி பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் வேதவாக்கு. உங்களில் யாராவது இப்படி ஒரு கடை வைத்திருந்தால் ஒரு நாள் இந்தப் பக்கம் வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

யாருக்கும் இல்லாத பெயர்

அம்பூரியிலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் படித்த வகுப்பில் அவரோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே பெயராம். டீச்சர் ஒருவனைத் திட்டக் கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்து நிற்பார்களாம். அந்தக் கதி மகனுக்கு வரக்கூடாது என்று சபதம்.

பெயர் தேடும் இணையதளங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரேக்கம், லத்தீன், பாரசீகம் என்று எந்தப் பக்கம் போனாலும் அர்த்தம் மூன்றே மூன்றுதான்: அரசன், வீரன், ஒளி. கோழை என்றோ, குறட்டை விடுகிறவன் என்றோ அர்த்தம் உள்ள ஒரு பெயரை அவர்கள் இன்றுவரை கண்டதில்லை. நாற்பது அரசர்களைக் காட்டினேன். நாற்பதையும் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "யாரும் இடாத பேரா இருக்கணும், ஆனா கேட்ட உடனே எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா இருக்கணும், கேட்டியளா?"

புகழ்: மிகக் குறைவு

அவர் போன மறுநாள் பொழியூர் கடற்கரையிலிருந்து ஸ்டெல்லா கைக்குழந்தையோடு வந்தாள். தேடுகிற வேலையே இல்லை, பெயர் கையில் இருந்தது: நவீத். அப்பாடா என்று விண்ணப்பத்தைத் திறந்தேன். குழந்தையின் அப்பா பெயர் வேலாயுதன். வேலாயுதனின் அப்பா பெயர் பத்ரோஸ். கத்தோலிக்க மீனவர் வீட்டில் வேலாயுதன் எப்படி வந்தான்? எந்த ஆபீஸிலோ யாரோ தூங்கிக்கொண்டே எழுதியது என்று நினைத்து, "இதுக்கும் ஒரு திருத்தல் மனு போடலாமே" என்றேன். என் தொழில் புத்தி அப்படி. "அது மாமா இட்ட பேரு சேச்சி. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாரு" என்றாள்.

நவீதைத் தேடினேன். பிறப்பிடம்: பாரசீகம். பொருள்: நல்ல செய்தி. புகழ்: மிகக் குறைவு. அதிர்ஷ்ட நிறம்: இளம்பச்சை. குணம்: பயணத்தில் விருப்பம் உள்ளவர். பாலைக் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தைக்குப் பயணத்தில் என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை முழுதும் படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வேலாயுதன் ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். மூன்று மாதம் முன்னால் படகு கவிழ்ந்து, ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி கடலில் கிடந்திருக்கிறான். வேறொரு படகில் வந்த நவீத் என்கிற ஈரான்காரன்தான் கண்டு தூக்கியிருக்கிறான். மாமனார் இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று கணவன் சத்தியம் வாங்கியிருக்கிறான். அவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல கடல்னு ஒரு வார்த்தை கூட இல்லியே சேச்சி?"

கெட்ட அர்த்தம் உண்டா?

இரண்டு நாள் கழித்து அந்த மாமனாரே வந்தார். பத்ரோஸ் பாட்டா. வெள்ளை வேட்டி, கையில் நான் கொடுத்த அதே பிரின்ட், நாலாக மடித்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் பேரனுக்குத் தாத்தா பெயர். மூன்று மகள்கள் வரிசையாகப் பேத்திகளாகப் பெற்றுத் தள்ள, பாட்டா வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த பேரன் இவன். அவனுக்குப் போய் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்குள் இந்தப் பெயருக்கு ஒரு கெட்ட அர்த்தம் கண்டுபிடித்து பிரின்ட் எடுத்துத் தர வேண்டுமாம். மருமகளிடம் காட்டுவதற்கு.

ஸ்டெல்லா சொன்னது என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, கெட்ட அர்த்தம் தேடினேன். நல்ல செய்தி, நல்ல சகுனம், மகிழ்ச்சி. கெட்டது ஒன்று கிடைக்க வேண்டுமே! "சரி, பத்ரோஸுன்னு அடி" என்றார். அடித்தேன். அந்தத் தளம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லை என்றது. பாட்டாவின் முகம் சுருங்கிப் போனது. பாவமாக இருந்தது. ஆனால் குரல் மட்டும் குறையவில்லை: "ஈரான்காரனுக்கு எடம் உண்டு, பொழியூர்க்காரனுக்கு இல்ல! என்ன மெஷினாக்கும் இது?"

கப்பியாரின் விசாரணை

அடுத்து வந்தவர் கோயில் கப்பியார். பூசைக்கு மணியடிப்பது முதல் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வைப்பது வரை அங்கே எல்லாம் அவர்தான். பாட்டா அவரிடம் போய் முறையிட்டிருக்கிறார். இது எந்த மதத்துப் பெயர் என்று பங்குச் சாமியாரான அச்சன் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று கப்பியாருக்குக் கவலை. ஒரு தளம் முஸ்லிம் பெயர் என்றது, இன்னொன்று பார்சி என்றது, மூன்றாவது கூசாமல் இந்துப் பெயர் என்று சொல்லி நட்சத்திரமும் ராசியும் போட்டிருந்தது. மதநல்லிணக்கத்தை இவ்வளவு சுலபமாக யாரும் சாதித்ததில்லை.

பொருள் நல்ல செய்தி என்று படித்துக் காட்டினேன். கப்பியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவிசேஷம் என்றாலும் அதுதானே! அச்சனுக்கு இனி ஒரு தடையும் இருக்காது என்று சந்தோஷப்பட்டவர், வாசல் வரை போய் நின்று பெருமூச்சு விட்டார்: "அச்சன் ஒரு வார்த்தையில சம்மதிப்பாரு. பத்ரோஸ் நாலு சுவிசேஷத்துக்கும் சம்மதிக்கமாட்டான்."

பெயர் எழுதும் கட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் மாமனாரும் மருமகளும் ஒன்றாக வந்தார்கள். குழந்தை அவள் தோளில். இருவரும் பேசிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. நான் விண்ணப்பத்தைத் திறந்து, குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் கர்சரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே ஐந்து பேர் வரிசையில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாட்டா, நல்ல அர்த்தம் உள்ள பேருதான். அதிர்ஷ்ட நிறம் கூட இளம்பச்சையாக்கும்" என்று சிடுசிடுத்தேன்.

பாட்டா என்னைக் கவனிக்கவே இல்லை. மருமகளைப் பார்த்துக் கேட்டார். "எத்தற நேரம் தண்ணியில கெடந்தான்?"

ஸ்டெல்லா விக்கித்துப் போனாள். "ஆறு மணிக்கூர் மாமா" என்றாள், அழுதுகொண்டே. "யாரு சொன்னா உங்ககிட்ட?"

நான் இல்லை என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

"எவனும் சொல்லல்ல. மூணு மாசமா போன்ல மீன் பட்டுச்சான்னு கேட்டா, மருந்து தின்னியளான்னு கேக்கான். கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல. அப்பவே ஒரு சந்தேகம் உண்டு. ராத்திரி முழுக்க அந்தப் பேப்பரை வச்சுட்டு யோசிச்சேன். கடலுக்குப் போறவன் கேட்டறியாத ஒருத்தனுக்க பேரைப் பிள்ளைக்கு இடணும்னு நின்னா, அதுக்கு வேற என்ன அர்த்தம்? நான் இடல்லியா?"

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் பாட்டாவின் வள்ளம் கவிழ்ந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கரையில் தென்னையில் ஏறிக் கள் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், மேலிருந்து பார்த்து, இறங்கி ஓடி வந்து குதித்து இழுத்துப் போட்டிருக்கிறார். அவர் பெயர் வேலாயுதன். எந்த ஆபீஸிலும் யாரும் தூங்கவில்லை. திருத்தல் மனு போடலாம் என்று சொன்ன என் வாயை நான் எங்கே கொண்டு வைப்பது?

நவீத் என்று அடித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளையின் பெயரோடு அப்பா பெயரும் சேரும் அல்லவா? திரையில் வந்து நின்றது: நவீத் வேலாயுதன். அச்செடுத்து நீட்டினேன். பாட்டா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "உங்க பேரு எங்கயும் வரல்லியே பாட்டா" என்றேன். அவர் பேரனை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்க பேரு எதுக்கு மக்களே? இந்த ரெண்டு பேரும் இல்லேன்னா பத்ரோஸும் இல்ல, பத்ரோஸுக்க மவனும் இல்ல."

அபூர்வமான, அர்த்தமுள்ள பெயர் வேண்டும் என்று இனி யார் வந்தாலும், முதலில் ஒரு தரம் கடலில் விழுந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.