வத்சலாவோடு போன என் பின்னல்

வத்சலா போய்விட்டாள். இன்று மத்தியானம், விக்ரோலியில், தூக்கத்திலேயே.

பின்னலோடுதான் கிடத்தியிருந்தார்களாம். எண்பது தாண்டியவளுக்கு இடுப்பைத் தொடும் கறுப்புப் பின்னல்... அது என் முடி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் எதிர் பிளாட் வத்சலா. தாதரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. நான் புதுக் கல்யாணப் பெண். கையில் பி.ஏ. டிகிரி, தலையில் எந்தச் சீப்புக்கும் அடங்காத சுருட்டை.

அவர்கள் பார்லருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கிரீம் வந்திருந்தது. ரிலாக்சர். மூக்கை அறுக்கும் நெடி. அதைத் தடவி அவள் அலசிவிட்ட அன்று, என் முடி இடுப்புவரை நேராக இறங்கியது. கண்ணாடியில் வேறு யாரோ நின்றாள்.

அப்புறம் உமா பிறந்தாள். பிரசவச் சூடு தணியட்டும் என்று மாமியார் மருதாணி அரைத்தார். நான் அது போதாதென்று இரும்புச் சட்டியில் டீ டிகாஷனும் எலுமிச்சம்பழமும் விட்டு ஊறவைத்து, தலை முழுக்க அப்பிக்கொண்டு வெயிலில் காய்ந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சீயக்காய் வேறு.

ரிலாக்சர் போட்ட முடி இதையெல்லாம் தாங்குமா என்று தோன்றவே இல்லை. நம் வீட்டு மருதாணிதானே...

முதலில் துடைப்பம் மாதிரி வறண்டது. பிறகு உடைய ஆரம்பித்தது. உதிரவில்லை, உடைந்தது. புதிதாக முளைத்த சுருட்டையும் பழைய நேர்முடியும் சேரும் இடத்தில் ஒடிந்து, முழு நீளமாகக் கையோடு வரும்.

சத்தம் கேட்கும். நிஜமாகவே. சீப்பை வைத்தால் எங்கோ சுள்ளி ஒடிவதுபோல மெல்லியதாக.

தலையணையில், சாதத்தில், குழந்தையின் மூடிய கைக்குள். உமாவின் விரல்களைப் பிரித்தால் உள்ளே என் முடியைச் சுருட்டி வைத்திருப்பாள். விழுங்கிவிடப் போகிறாளே என்று நாளெல்லாம் அவள் வாயைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

வறட்சிக்குப் பார்லர் வைத்தியம் முட்டை. எங்கள் வீட்டு வாசலையே அது மிதிக்கக்கூடாது. வத்சலா அடித்துக் கலக்கி டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்தாள். மாமியார் என்ன வாடை என்று கேட்டதற்கு, "பாரின் ஷாம்பூ மாமி, அங்கெல்லாம் இப்படித்தான் நாறுமாம்" என்றாள்.

முடி கொஞ்சம் மெத்தென்று ஆனது. உடைவது நிற்கவில்லை.

நான் குப்பையில் போட எடுத்ததையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "அரே, இத்தனை நீள முடியை யாராவது தூக்கிப் போடுவாளாடீ? சவுரி கட்டித் தரேன்."

கடைசியில் வேறு வழியில்லாமல், தலையில் மிச்சம் இருந்ததை அவளே காதுக்கு மேலே ஒட்ட வெட்டிவிட்டாள்.

அன்று உமா என்னைப் பார்த்து வீறிட்டாள். வேற்றாளைப் பார்த்த மாதிரி. தூக்கப் போனால் உடம்பை வில்லாக வளைத்தாள். பாலுக்குக்கூட வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மாமியார் கிண்ணத்தில் பசும்பால் புகட்டினார். நான் பால் கட்டிக்கொண்டு ஜுரத்தோடு சுவரோரம் உட்கார்ந்து, என் குழந்தை என்னைப் பார்த்து நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வத்சலா சவுரியோடு வந்தாள். நீளம் சரியா என்று பார்க்கத் தன் தலையிலேயே வைத்துப் பின்னி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

உமா தவழ்ந்து போனாள். அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அம்மா" என்றாள்.

அதுவரை அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வத்சலா திரும்பவில்லை. அசையக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே மிகத் தணிந்த குரலில், "நீ பேசுடீ. நான் வாயைத் தொறக்கல. நீ பேசு" என்றாள்.

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசிக்கொண்டே கிட்டே போனேன். அவள் நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார, அவள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தேன். அவள் பின்னலை என் தோள் வழியாக முன்னால் விட்டாள். உமா அதைப் பிடித்தபடி என் மடியில் ஏறிப் பால் குடித்தாள்.

எதிரே பீரோ கண்ணாடி. ஒரு பின்னல், இரண்டு தலை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க, பார்லருக்குப் போகும் முன் அவள் வந்து எனக்கு முதுகு காட்டி உட்காருவாள். வாயே திறக்க மாட்டாள். என் முடி மெல்ல வளர, உமா மெல்ல என் முகத்துக்குப் பழகினாள்.

சவுரியை இனி என் வீட்டுக்குக் கொண்டுவராதே என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். அவளே வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி விக்ரோலி போன பிறகும் அதைத்தான் வைத்துப் பின்னினாள். எனக்கு நரைத்தது. அது நரைக்கவில்லை. ஏதாவது கல்யாண வீட்டில் அவளைப் பின்பக்கமாகப் பார்த்துவிட்டால், சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றுதான் பேசுவேன்.

இன்று என் முழங்கால் விடவில்லை. உமாதான் செம்பூரிலிருந்து போனாள். அவளுக்கும் அறுபது நெருங்குகிறது. அங்கிருந்து போன் பண்ணினாள்.

"மாமியோட மாட்டுப்பொண் கேக்கறாம்மா, சவுரியைக் கழட்டி வெச்சுடலாமான்னு."

வேண்டாம், அவளோடு போகட்டும் என்றேன்.

உமா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அதை நான் பிடிச்சுண்டிருக்கேம்மா. எப்போ பிடிச்சேன்னே தெரியல... விட வரமாட்டேங்கறது."

இந்தக் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

"நான் பேசிண்டே இருக்கேன். நீ மெதுவா விடு" என்றேன்.

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அப்புறம் விட்டுட்டேம்மா என்றாள்.

திரும்பிப் பார்க்காமல் போ, வத்சலா.