ஊறவைத்த ஸ்டியரிங்

ஏற்காட்டு எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரையிடமிருந்து அப்பா பழைய கார் ஒன்றை வாங்கினார். அதில் லாரி ஸ்டியரிங் மாட்டியிருந்தது. சீமையிலிருந்து காரோடு வந்த மர ஸ்டியரிங், வளையமெல்லாம் வெடிப்பு விட்டு, பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்குக் கை பரபரத்தது. அதையே மாட்டலாம் என்று அப்பாவை நச்சரித்தேன்.

"ஒழுங்காப் பண்ணி மாட்டீட்டீன்னா வெண்ணந்தூருக்கு நீயே ஓட்டு. இல்லீன்னா லாரி டிரைவரக் கூட்டிக்குவேன்" என்றார் அப்பா. அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போகிற பயணம் அது. ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்து போகாவிட்டால் படித்த படிப்பெல்லாம் வீண் என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடிச் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டினேன். மரம் தேன் நிறத்தில் எழுந்தது. வெடிப்புகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்பா குனிந்து பார்த்தார். "வண்டிச் சக்கரம் காஞ்சு ஆடுச்சுன்னா என்ன பண்றோம்? தண்ணியில போடு சாமி."

கோடையில் மாட்டுவண்டிச் சக்கரங்களை நாங்கள் தண்ணீரில் ஊறப்போடுவோம். மரம் உப்பி மூட்டுகள் இறுகிவிடும். நான் மறுத்திருக்கலாம். மாறாக, மரம் நீரை உறிஞ்சுவதன் விஞ்ஞானத்தை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கை மாட்டுத் தொட்டிக்குள் அமுக்கினார். எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போன அபூர்வமான நாள் அது.

மறுநாள் வெடிப்புகளைக் காணோம். ஈரம் துடைத்து மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். ராசிபுரம் தாண்டியதும் வெயில் ஏறியது. உள்ளங்கை பிசுபிசுத்தது. வெண்ணந்தூர் எல்லையில், வளையத்தில் ஒரு துண்டு என் கையோடு வந்துவிட்டது. சீமையில் வளையத்தைத் துண்டு துண்டாகச் செய்து பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பசை எங்கள் தொட்டியில் கரைந்துவிட்டது.

"என்றா அது கையில?" என்றான் அண்ணன்.

"ஸ்டியரிங்குங்ணா."

"அப்பறம் வண்டிய எதுலடா திருப்பற?"

"மிச்சத்துல."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. மொகத்தச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கங்க" என்றார் அப்பா.

மிச்சத் துண்டுகளும் ஒவ்வொன்றாகக் கழன்று சீட்டில் விழ, நடுவிலிருந்த இரும்புக் கம்பிகளைப் பிடித்துத் திருப்பியே பெண் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்ணின் தகப்பனார் எங்களை வரவேற்றுவிட்டு நேராகக் காரிடம் போனார். சீட்டில் கிடந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதத் தண்ணியில ஊறப்போடலீங்களா?"

"போட்டமுங்க. ஒரு ராத்திரி."

"ஒரு ராத்திரி எப்பிடிங்க பத்தும்?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. பெண் காபித் தட்டோடு வெளியே வருவதற்குள் பெரியவர்கள் இருவரும் துண்டுகளை அள்ளிக்கொண்டு அவர்கள் வீட்டுத் தொட்டிக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போதே ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கம்பிய நம்பிச் சம்பந்திய அனுப்ப மாட்டனுங்க" என்று பெண்ணின் தகப்பனார் பிடிவாதம் பிடித்தார். ஊர் திரும்பும்போதும் ஓட்டுகிற இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அவர்கள் வீட்டு மாடுகள் காரை இழுத்துக்கொண்டு போயின.