கலியாணக் கசெற்றில் வந்த ஏரி

எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த 'கொமினிக்கேசன்' என்ற தொலைபேசிக் கடையின் ரிசீவரில் அயலவர் எல்லாருடைய வாய் வாசனையும் இருக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அது கையில் பிசுபிசுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் காதோடு அழுத்திக்கொண்டுதான் நான் கனடாவின் ஓர் ஏரியைப் பார்த்தேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் புவியியல் வாத்தியார். சண்டையில் வீடு போனபின், அம்மாவையும் என்னையும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் வாடகை அறையில் இருத்திவிட்டு, கனடாவுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு முதலில் அவர் போனார். போய்ச் சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுவதாகப் பேச்சு. ஐந்து வருசமாக, எப்போது என்று கேட்டால் ஏரியைப் பற்றிக் கதைப்பார். "எங்கட ஊர்ச் சுண்ணாம்புக்கல் மாதிரி இல்லைப் பிள்ளை, இது கருங்கல். சேறு இல்லாதபடியா தண்ணி கலங்காது. அடியில கிடக்கிற கல்லும் தெரியும்." முன்னொரு காலத்தில் மலையளவு பனி அந்தப் பாறைகளின் மேல் ஊர்ந்ததாம், அது ஏறிவந்த பக்கம் தீவுகள் வழுவழுவென்று சரிந்தும், இறங்கிப் போன பக்கம் உடைந்து செங்குத்தாகவும் நிற்குமாம், பனி இழுத்துப் போன கற்களின் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுமாம். "நீ வந்தா விரல் வச்சுப் பாக்கலாம்" என்பார். அங்கிருந்து வந்த யாரோ ஒருவரிடம் இளஞ்சிவப்பு வரியோடிய கல் ஒன்றும் கொடுத்தனுப்பினார். காற்றில் அடிக்கும் கதவுக்கு அம்மா அதை முட்டுக்கொடுத்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார். எனக்குப் பூமி வேண்டாம், அந்த ஏரி போதும்.

வெளிநாட்டுக் கலியாணங்களுக்கு அந்நாட்களில் நாங்கள் வீடியோக் கசெற்றில்தான் போனோம். வீட்டுக்கார அன்ரியின் 'டெக்'கில் அதைப் போட, மாடியில் உள்ளவர்கள் எல்லோரும் பாயில் வந்து இருப்பார்கள். கனடாவில் நடந்த பெரியம்மா மகளின் கலியாணமும் அப்படித்தான் வந்தது. கூட்டத்தில் அப்பா தனியாக நின்றார். "மெலிஞ்சுபோனார்" என்று அம்மா சொன்னதில் சந்தோசம் இருந்தது.

பழைய கசெற்றின் மேல் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். கலியாணம் முடிந்து திரையில் புள்ளி பறந்தது, பிறகு அடியில் கிடந்த படம் வந்தது. என் ஏரி. நான் எழுந்து திரையருகே போய், சரிந்த பக்கம் இது, உடைந்த பக்கம் இது என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். அப்போதுதான் பாறையில் அப்பாவைக் கண்டேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு சிறுவன். அப்பா அவன் விரலைப் பிடித்துக் கீறலில் வைத்தார். அவன் "அப்பா" என்று சிரித்தான்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "பெடியனுக்கு எத்தினை வயசிருக்கும்?"

"மூண்டு முடிஞ்சிருக்கும் அக்கா" என்றார் அன்ரி, திரையைப் பார்க்காமலே.

அங்கே இருந்த ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எங்களுக்குத்தான் தெரியாது. அப்பாவோடு அவர்கள் எல்லோரையும் நான் வெறுத்தேன்.

இன்று அந்தக் கடை இல்லை, மாடிவீடு இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த தொடர்மாடி நிற்கிறது, அம்மாவும் போய்விட்டார். பின்னாளில் புத்தகங்களை எடுத்துத் தேடினேன், அவரை ஒரு பொய்யிலாவது பிடித்துவிட வேண்டும் என்று. பனி, கீறல், கலங்காத தண்ணீர் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன. ஏரியைப் பற்றி அப்பா எனக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.