வலது பக்கத்து சீட்

அந்த அமெரிக்கக் காரை நான் ஓட்டியது ஒரே ஒரு தடவைதான். சித்தூரிலிருந்து வேலூர் வரைக்கும். இன்றைக்கும் டீக்கடையில் பழைய டிரைவர்கள் யாராவது உட்கார்ந்துவிட்டால் போதும். "அண்ணே, அந்தச் செகப்பு வண்டி, ஓட்றதுக்கு எப்படி இருந்திச்சி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கு வண்டிக் கதை மட்டும் வேண்டும். அதைத் தனியாகப் பிய்த்துக் கொடுக்க என்னால் ஆகாது. வேண்டுமென்றால் முழுசாகக் கேட்கட்டும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிப் போய், எல்லையை எங்கே போடுவது என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. சித்தூர்ச் சுவர்களில் கரியாலும் சுண்ணாம்பாலும் எழுதியிருப்பார்கள்; ஒரு சுவர் தமிழில் கத்தும், எதிர்ச் சுவர் தெலுங்கில் கத்தும். நான் அங்கே ஒரு மாங்காய் மண்டி முதலாளியிடம் டிரைவர். பங்காருபாளையத்தில் தோப்பு, சித்தூரில் மண்டி. தெலுங்குக்காரர். தங்கமான மனுஷன். ஆனால் தனக்கு உதவாத பொருளின் மேல்தான் அவருக்கு ஆசை வரும். பியானோ ஒன்று வாங்கி அதன் மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் இந்தக் காரும் வந்தது. மதராஸை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினார். அரை வீதிக்கு நீளம், ஆனால் உள்ளே இரண்டே சீட்டு. பின் சீட்டு என்பதே கிடையாது. எட்டு சிலிண்டர் இன்ஜின். ஸ்டீரிங் இடது பக்கம். முதலாளியின் சம்சாரம் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, "இத்தனை நீளத்துல ரெண்டு பேருதானா? இதுக்கு மாட்டு வண்டி மேல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளி ஒரு நாள் அதைத் தனியாகச் சந்திரகிரி வரை ஓட்டிக்கொண்டு போனார். நம் ஊர் ரோட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற பஸ்ஸின் முதுகுதான் தெரியும். அதைத் தாண்டி எதிரே எது வருகிறதென்று தெரியாது. அவர் குருட்டாம்போக்கில் வெளியே எடுத்திருக்கிறார். எதிரே லாரி. எப்படியோ தப்பித்து, முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தார். வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தியாயிற்று. அதற்கப்புறம் அதைத் துடைக்கிறதும், பாட்டரி செத்துப்போகாமல் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறதும் என் வேலை. ஷெட்டுக்குள் அது உறுமுகிறபோது என் வயிற்றுக்குள்ளேயே உறுமுகிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு முறை ரோட்டில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று உயிர் துடிக்கும். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் பெண்டாட்டியிடம் இதே பேச்சுத்தான். "அதையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீ" என்பாள்.

அவளுக்குத் திருப்பதி. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பள்ளிக்கூடம் தெலுங்கு, கடைத்தெரு தெலுங்கு. அவசரத்தில் தெலுங்குதான் முதலில் வாயில் வரும். எனக்குத் திருத்தணிப் பக்கம். எனக்கும் தெலுங்கு தெரியும். ஆனால் வீட்டுக்குள் பெண்டாட்டி தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் தெலுங்கு வருமென்று காது நினைப்பதில்லை. கல்யாணமான புதுசில் அவள் இலைக்கு நான் ரசம் ஊற்றினேன். "ஆகு" என்றாள். தெலுங்கில் ஆகு என்றால் நிறுத்து. தமிழில் ஆகும் என்றால் சரிப்படும், பரவாயில்லை. அந்தக் கடைசி 'ம்' யார் வாயிலும் முழுசாக வருவதில்லை. நான் இன்னும் ஊற்றினேன். "ஆகு, ஆகு" என்று அவள் சொல்லச் சொல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன். ரசம் இலையைத் தாண்டி அவள் மடியில் ஓடியது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. அப்புறம் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. எதைக் கேட்டாலும், "ஆகு" என்பாள். "உன் ஆகுவா, என் ஆகுவா?" என்று நான் கேட்க வேண்டும்.

அவள் முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாசம். ஒரு நாள் காலையில் அடிவயிறு வலிக்கிறதென்றாள். கொஞ்ச நேரத்தில் குழாயடியில் மயங்கி விழுந்தாள். தெருக்கோடி டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "கரு எடம் மாறி நின்னுட்டிருக்கும்னு நெனைக்கிறேன். உள்ளுக்குள்ள ரத்தம் போய்க்கினு இருக்கு. இங்க வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்துவாங்க. இப்பவே போவணும்."

வீட்டு உபயோகத்துக்கான கறுப்புக் காரில் அன்றைக்கு முதலாளியின் சம்சாரமும் பிள்ளைகளும் திருமலைக்குப் போயிருந்தார்கள், முதலாளியின் மச்சான் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். மண்டிக்கு ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி மேசை டிராயரைத் திறந்து செகப்பு வண்டியின் சாவியை எடுத்து என் கையில் திணித்தார். "தீசுக்குனி போரா. போ" என்றார். எடுத்துக்கொண்டு போடா, அவ்வளவுதான். இத்தனை நாள் அந்தச் சாவிக்கு ஏங்கியவன் நான். அது கைக்கு வந்த விதத்தைப் பாருங்கள்.

துணைக்கு வருகிறேன் என்று பக்கத்து வீட்டம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே உட்கார வைப்பது? இரண்டே சீட்டு. அழுதுகொண்டே ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பெண்டாட்டியை வலது பக்கத்து சீட்டில் உட்கார வைத்துத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். அவள் முகம், கழுவி வைத்த பாத்திரம் போல வெளுத்திருந்தது.

"இங்க பாருமே," என்றேன். "நான் இந்தாண்ட உக்காந்துகினு இருக்கேன். முன்னாடி வண்டி போனா எதிர்ல இன்னா வருதுன்னு எனக்குத் தெரியாது. நீதான் பாத்துச் சொல்லணும்."

"இன்னா சொல்லட்டும்?"

"ரோடு காலியா இருந்தா போன்னு சொல்லு. எதுனா வந்தா..."

"ஆகு," என்றாள். அத்தனை வலியிலும் வாய் ஒரு பக்கம் சிரித்தது. "என் ஆகு. ரசத்தை ஊத்தினே போயிடாத."

ஊரைத் தாண்டுகிற வரை வண்டி எனக்கு அடங்கவில்லை. கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி தாழ்வான சீட்டு. எதிரே மைதானம் மாதிரி பானெட். காலை லேசாக வைத்தாலே தாவியது. ஊர் முடிந்து நேர் ரோடு வந்ததும் மிதித்தேன். முதுகைப் பிடித்துச் சீட்டோடு யாரோ அமுக்கினார்கள். புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஸ்பீடோமீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது, இன்ஜினுக்கு மூச்சே வாங்கவில்லை. டிரைவராகப் பிறந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பக்கத்தில் அவள் அப்படிக் கிடக்கிறாள், எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வந்தது, நான் என்ன செய்வேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாரு," என்றாள் மெதுவாக. "கல்யாணத்தன்னிக்கிக்கூட இப்படி இல்ல."

அந்தச் சந்தோஷம் அடுத்த வளைவு வரைக்கும்தான். வண்டி அமெரிக்காவினுடையது, ரோடு மாட்டினுடையது. வரிசையாகக் கட்டை வண்டிகள். பிரேக்கைப் போட்டால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அப்புறம் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "போ" என்பாள். தாண்டுவேன். "ஆகு" என்பாள். நிற்பேன், எதிரே பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். "போ." போ என்பது இரண்டு பாஷைக்கும் பொது, அதில் குழப்பம் இல்லை. குடிபாலா வரை ஒரு தடவைகூடத் தவறு வரவில்லை. அவள் கண்ணை வைத்து நான் ஓட்டினேன். ஆனால் குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே போனது.

எல்லையில் மூங்கிலைக் குறுக்கே போட்டு அரிசி கடத்துகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, எங்களை விட்டுவிட்டு, பானெட்டைத் தடவிப் பார்த்தார். "எவ்ளோ ஸ்பீடு போவும் இது?" என்றார். நான் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருப்பேன். அதற்குள் அவர் கண் அவள் மேல் பட்டுவிட்டது. தானே ஓடிப்போய் மூங்கிலைத் தூக்கினார்.

"தாண்டிட்டமா?" என்று கேட்டாள்.

"தாண்டிட்டம். இனிமே தூரம் இல்ல."

"அப்ப இது உங்க ராஜ்ஜியம். தமிழ்லதான் சொல்லணுமா?"

"உனக்கு எது வாயில வருதோ அதச் சொல்லுமே," என்றேன்.

காட்பாடிக்கு முன்னால் ஒரு வேர்க்கடலை லாரி மாட்டியது. மூட்டைகள் இரண்டு பக்கமும் பிதுங்கி ரோட்டையே அடைத்துக்கொண்டு போயிற்று. அவள் கதவின் மேல் கையை மடித்து வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள்.

"ஆகு," என்றாள்.

வேகத்தைக் குறைத்து லாரிக்குப் பின்னாலேயே போனேன். எதிரே ஒரு பஸ் போனது. அதன் பின்னால் ஒரு ஜட்கா. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் ஏதோ வருகிறது போலிருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தலை அப்படியே ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. காற்றில் முடி பறந்துகொண்டிருந்தது. எட்டு சிலிண்டரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த லாரியின் பின்னால் நடந்தன. லாரி டிரைவர் கையை வெளியே நீட்டி, போ போ என்று சைடு காட்டினான். அவன் யார் எனக்குச் சொல்ல? அவள் சொல்லவில்லை, நான் போகவில்லை.

"இன்னும் எதுனா வருதா?" என்றேன். இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். அப்புறம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

காட்பாடியில் லாரி ரயிலடிப் பக்கம் திரும்பிவிட்டது. எதிரே ரோடு முழுக்கக் காலி. எப்போதிலிருந்து காலியாக இருந்ததோ தெரியாது. அவள் தோளைத் தொட்டேன். தலை கையிலிருந்து வழுக்கிக் கதவுப் பக்கம் சரிந்தது. பாலாற்றுப் பாலத்தில் அந்த வண்டியை நான் என்ன வேகத்தில் ஓட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். எந்த இடத்தில் என்று அவர்களுக்குத் தெரியாது.

முதலாளி அந்த வண்டியை அப்புறம் தொடவில்லை. பெங்களூர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். எல்லைத் தகராறும் பிற்பாடு தீர்ந்தது. என் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று, அவள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நான் சித்தூரிலேயே இருந்துவிட்டேன். வலது பக்க ஸ்டீரிங் வண்டிதான் கடைசி வரைக்கும் ஓட்டினேன். எதிரே வருவதெல்லாம் எனக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் முன்னால் லாரி போனால் பக்கத்து சீட்டைப் பார்க்காமல் தாண்டிப் பழக்கமில்லை.

அவள் போன அன்றைக்குச் சாயங்காலம் திருப்பதியிலிருந்து அத்தை வந்து சேர்ந்தாள். அவளைப் பெற்றவள். ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்த என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். அழுகை ஓய்ந்ததும் கேட்டாள்.

"கடசியா எதுனா சொல்லிச்சா, மாப்ளே?"

"ஆகுன்னு சொல்லிச்சு, அத்தே."

அத்தையும் திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவள். பொழுது விடிந்தால் கடைக்காரனிடமும் பால்காரனிடமும் தெலுங்கில் ஆகு ஆகு என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகும்னு சொல்லிச்சா? எல்லாம் சரியாவும்னு உனக்குத் தைரியம் சொல்லிட்டுப் போச்சா என் கண்ணு?"

"ஆமாம் அத்தே," என்றேன்.