மந்திரி சொன்ன பஸ்

பொன்னேரி மார்க்கெட் பக்கம் போனால் இன்றைக்கும் என் கால் தானாக அந்த மாடிப்படி அருகே நின்றுவிடும். கீழே ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மேலே, எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் அலுவலகம் இருந்த அறையில், யாரோ அழகு நிலையம் வைத்திருக்கிறார்கள். கல்லூரி முடித்த கையோடு அங்கேதான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரே ஒரு நல்ல நாற்காலி. அந்த நாற்காலிக்காக எனக்கும் எம்.எல்.ஏ.வின் உதவியாளருக்கும் தினம் சண்டை. நிம்மதியாக ஒரு டீ குடித்ததில்லை. ஆனாலும் அந்த அறையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

என் வேலை கேள்வி தட்டுவது. சட்டமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்து மூலமாகக் கேட்கிற கேள்விகள். டி.வி.யில் எழுந்து நின்று கை நீட்டிக் கேட்பது வேறு ரகம். இவை சத்தமில்லாத கேள்விகள். நான் தட்டிக் கொடுப்பேன், எம்.எல்.ஏ. கையெழுத்துப் போடுவார், தாள் சென்னைக்குப் போகும். அங்கிருந்து துறைக்கு, துறையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து உள்ளூர் அலுவலகத்துக்கு என்று கேள்வி படி இறங்கி வரும். உள்ளூரில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்கும் தகவல் அதே படிகளில் ஏறிப் போய், கடைசியில் அமைச்சரின் பதிலாக எங்களிடம் திரும்பி வரும். வந்தால் உண்டு. பாதிக் கேள்விகள் போனது போனதுதான்.

ஜனங்கள் இதை ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி நினைத்தார்கள். "எனக்கோசரம் ஒரு கேள்வி கேட்டு உடும்மா" என்று வந்து நிற்பார்கள். சோழவரத்திலிருந்து ஒருவர் வாய்க்கால் தூர்ந்து போனதற்காக வருவார். மீஞ்சூரிலிருந்து ஒரு கூட்டம் தெருவில் மழைத் தண்ணீர் நிற்பதற்காக வரும். உதவியாளர் ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், வயது வித்தியாசமில்லாமல் ஆண்கள் எல்லோரும் அவருக்கு நைனாதான். "நைனா, உன் ஊட்டுக் கம்பத்து பல்பு எரியலைன்னு சட்டசபைல கேட்டா சிரிப்பாங்க நைனா, கரண்டு ஆபீசுக்குப் போ" என்று கெஞ்சுவார். வந்தவர் அசைய மாட்டார். அந்த பல்புக்கும் நான் ஒரு கேள்வி தட்டித்தான் அவரை அனுப்ப வேண்டியிருக்கும். அது சென்னைக்குப் போகாது என்பது எனக்கும் உதவியாளருக்கும் மட்டும் தெரியும்.

கேள்விக்கு ஒரு அச்சு உண்டு. (அ) இன்ன இடத்தில் இன்ன குறை இருப்பதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், அதைச் சரிசெய்ய ஆவன செய்யுமா? பதிலுக்கும் ஒரு அச்சு உண்டு. (அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை. இந்த 'வினா எழவில்லை' எனக்கு அவ்வளவு பிடித்துப்போய் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டேன். "கொழம்பு மீந்துச்சா?" என்று அம்மாவைக் கேட்டால் "இல்ல" என்பாள். "அப்ளம்?" என்றால், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "வினா எழவில்லை" என்பாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நக்கலில் எந்த அமைச்சரும் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காலனி, கும்மிடிப்பூண்டிக்குப் போகும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கழனிகளுக்கு நடுவில் இருக்கிறது. அம்மா ஒரு காலத்தில் அந்தக் கழனிகளில் அடுத்தவருக்காக நாற்று நட்டவள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் பெருகிய பிறகு, காலனிப் பெண்களில் பாதிப் பேர் சேற்றிலிருந்து காலை எடுத்துக் கழுவிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, கான்ட்ராக்டில். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அவள் சம்பளத்தில்தான் தம்பி ஐ.டி.ஐ. போய்க்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் மழையில் வழுக்கி விழுந்து அம்மாவின் முட்டி போய்விட்டது. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நின்றுகொண்டு வேலை செய்யும் அளவுக்குத் தேறியது, நடக்கத்தான் முடியவில்லை. டவுன் பஸ், எங்கள் பாதை நெடுஞ்சாலையில் சேரும் கூட்ரோட்டோடு திரும்பிவிடும், ஊருக்குள் வராது. காலனியிலிருந்து கூட்ரோடு வரை அந்த முட்டியோடு நடந்து போவதற்குள் காலை பஸ் போய்விடும். கம்பெனி வேன் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அம்மா செங்கல் டிராக்டரிலும் பால்காரர் வண்டியிலும் தொற்றிக்கொண்டு போனாள். அப்படியும் பல நாள் சங்கு ஊதிய பிறகுதான் கேட்டில் நின்றாள். சூப்பர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டார், "இன்னொரு தபா லேட்டா வந்தா அப்படியே ஊட்டுக்குத் திரும்பிக்கலாம்."

எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கேள்வி தட்டுகிறேன், என் அம்மாவுக்கு ஒன்று தட்டினால் என்ன? உண்மையில் முட்டி போன சில நாட்களிலேயே தட்டினேன். எங்கள் காலனிக்குப் பேருந்து வசதி இல்லாததை அரசு அறியுமா. கூட்ரோடு வரை வரும் பேருந்தைக் காலனி வரை நீட்டிக்க அரசு முன்வருமா. எம்.எல்.ஏ. படித்துப் பார்த்து, "உங்க ஊரா?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு காத்திருந்தோம். சூப்பர்வைசர் எச்சரிக்கை கொடுத்த அதே வாரத்தில்தான் பதில் வந்தது.

உறையைப் பிரித்த உதவியாளர் படித்தார். மறுபடியும் படித்தார். தாளை என்னிடம் நீட்டிவிட்டு அந்த நல்ல நாற்காலியிலிருந்து எழுந்து கொண்டார், நான் உட்கார்ந்து படிக்கட்டும் என்று. தினமும் காலை நேரத்திலும் மாலை நேரத்திலும் அந்தப் பேருந்து கூட்ரோடு வழியாகக் காலனி வரை இயக்கப்பட்டு வருகிறது என்று எழுதியிருந்தது. காலையில் எத்தனை மணிக்கு வருகிறது என்றுகூட இருந்தது. ஆகவே நீட்டிப்பது குறித்து, வினா எழவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பிறந்ததிலிருந்து இருக்கும் ஊர். எங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, ஓட்டு கேட்கும் வண்டி வந்திருக்கிறது, கரும்பு ஜூஸ் வண்டிகூட வந்திருக்கிறது. பஸ் வந்து நான் பார்த்ததில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி வேண்டாமா என்று உதவியாளரிடம் கத்தினேன், பாவம், அவர்தான் அந்தப் பதிலை எழுதியது போல. "வுடும்மா, பொய்த் தகவல்னு இன்னொரு கேள்வி போட்டுத் தாக்கிடலாம்" என்றார். அன்று மாலையே அதைத் தட்டி முடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கூர்மையான தமிழ் அதுதான்.

அதையும் பதிலின் நகலையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கூர்மையான கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை.

"அந்தப் பதில இன்னொரு தபா படி" என்றாள்.

படித்தேன்.

"மந்திரியே சொல்லிக்கீறாரா?"

"ஆமா. பொய்யி. அதான் இந்தக் கேள்விய..."

"நீ ஒரு பேஜாருடி. இன்னொரு கேள்வி கேட்டா இன்னொரு பதில் குடுப்பாங்க. பதில்ல ஏறிக் குந்திகினு நான் வேலைக்குப் போவ முடியுமா?" ஒத்தடத் துணியைப் பிழிந்து போட்டாள். "பஸ்ஸு வருதுன்னு சட்டசபைலயே சொல்லிட்டாங்க. அவ்ளோ பெரிய மனுசனை நாம எதுக்குப் பொய்க்காரன் ஆக்கணும்? தெனமும் வர்ற பஸ்ஸுக்கு நாம ஒரு நன்றி சொல்ல வாணாமா?"

அவள் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து வந்தவள் வீடு வீடாகப் போனாள், நொண்டிக்கொண்டே. எங்கள் காலனியில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் உண்டு. பஸ் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மதம். அடுத்து வந்த அவளுடைய வார லீவு நாளில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, அதன் மேல் பதிலின் ஜெராக்ஸ் என்று வைத்துக்கொண்டு காலனிப் பெண்கள் டிப்போவுக்குக் கிளம்பினார்கள். படித்துக் காட்டுவதற்காக நானும் போனேன்.

பெண்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் டிப்போ மேலாளர் மறியல் என்றே முடிவு செய்துவிட்டார். அவர் கை போனுக்குப் போனது. அம்மா தாம்பாளத்தை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"பயப்படாதீங்க சார். நாங்க பெட்டிஷன் குடுக்க வரல. எங்க காலனிக்குத் தெனமும் பஸ்ஸு உடுறீங்கன்னு மந்திரி சட்டசபைல சொல்லிக்கீறாரு. அதான் நன்றி சொல்லிட்டுப் போவலாம்னு."

அவர் தாளை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அவர் அலுவலகத்திலிருந்து ஏறிப்போன தகவல்தானே. டைம் கீப்பரைக் கூப்பிட்டார். அட்டவணையை எடுத்து விரித்தார்கள். அதில் எங்கள் காலனி இருந்தது! என்றைக்கோ அனுமதித்திருக்கிறார்கள். முதல் வண்டி வருவதற்குள்ளேயே வழியில் வாய்க்கால் மேலிருந்த சின்னப் பாலம் உடைந்ததால் வண்டியைக் கூட்ரோட்டிலேயே திருப்பியிருக்கிறார்கள். பாலம் சரியாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஒரு டிரைவர் திருப்பிய இடத்திலேயே அடுத்த டிரைவரும் திருப்பினார், அவ்வளவுதான். தாளில் மட்டும் பஸ் தினமும் காலனிக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. கேள்வி வந்தபோது தாளைப் பார்த்துப் பதில் எழுதிவிட்டார்கள்.

மேலாளர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அமைச்சர் சபையில் சொன்னது தவறு என்று ஒரு வார்த்தை மேலே போனால், அது எந்த மேஜையில் வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் மனிதர் திகைத்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு ஒரு மாலை போடலாம்னு கீறோம் சார்," என்றாள். "மந்திரி சொன்ன டைமுக்கு வந்துரும்ல?"

"வந்துரும்மா," என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார், பாவம், வேறு என்ன செய்வார்.

இப்போது அம்மா இல்லை. தம்பிக்கு வேலை கிடைத்த பிறகும், நான் கல்யாணமாகி மீஞ்சூர் வந்த பிறகும், முட்டி இனி முடியாது என்று சொல்கிறவரை அவள் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். இப்போது காலனியில் வீட்டுக்கு ஒரு டூவீலர் நிற்கிறது, பஸ்ஸில் ஏற ஆளில்லை என்கிறார்கள். சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள் என்றும் பேச்சு. நிறுத்தினால் கேள்வி கேட்க எனக்கு அந்த அறையும் இல்லை, படித்துக் காட்ட அவளும் இல்லை. சில நாள் இதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

டிப்போவுக்குப் போய்வந்த மறுநாள் காலை காலனியே தெருவில் நின்றது. அம்மா நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. கம்பெனி கோட்டு மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் டிராக்டருக்குப் போகவில்லை, பால்காரரையும் அனுப்பிவிட்டாள். பஸ் வரவில்லையென்றால் அன்றோடு வேலை போய்விடும். "டிராக்டர்லயாவது போயிடும்மா" என்று நான் கெஞ்சினேன். "வரும் இரு" என்றாள். அவள் உதடு காய்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

வளைவில் ஹாரன் கேட்டது. பாலத்தின்மேல் மெதுவாக, கல்யாண வீட்டுக்குள் புதிதாக வருகிறவர் தயங்குவதைப் போலத் தயங்கி, பஸ் வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பெண்கள் மாலையைக் கட்டினார்கள், கற்பூரம் காட்டினார்கள், டிரைவர் கூச்சத்தோடு சிரித்தார். அம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, ஏறி உள்ளே போய்விட்டாள்.

அன்று சங்கு ஊதுவதற்கு முன்பே அவள் கேட்டுக்குள் போய்விட்டாள் என்பது மாலையில் அவள் சொல்லித் தெரிந்தது. நான் கண்ணால் பார்த்தது வேறு. பஸ் திரும்பி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது ஜன்னலோரம் அவள் தெரிந்தாள். அந்தத் தெருவில் அவள் நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து நடந்து பார்த்திருக்கிறேன், குடத்தோடு நடந்து பார்த்திருக்கிறேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் பார்த்திருக்கிறேன். அவள் கால் நீட்டி, கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடி என்னைக் கடந்து போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.