மழையில் வேகும் பன்றிக்கறி

கொல்லிமலை, ஐப்பசி 1999. திருப்புலி நாட்டுச் சாலையோரம் சோளக்காடு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிர்வீட்டு வாசலில் மூன்று கல் கூட்டி, ராமாயி காட்டுப்பன்றிக் கறி வேகவைக்கிறாள். மிளகு வாசம் மூக்கில் ஏறுகிறது. சட்டென்று மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு தகரத்தை எடுத்துச் சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் நனைகிறாள்.

"உள்ளே கொண்டுபோய் வைக்கலாமே?"

"பன்னிக்கறிய ஊட்டு அடுப்புல ஏத்த மாட்டோமுங்க."

"நாளைக்குச் சமைத்தால் என்ன?"

"ஏனுங்க, என் கெழங்குக்காட்டையே தோண்டித் தின்னுபோட்டுதுங்க இது. இன்னைக்குத் திங்காம உடுவனுங்களா?"

விறகு புகைகிறது. குனிந்து ஊதுகிறாள். தகரம் சரிகிறது. ஓடிப்போய் மறுமுனையைப் பிடிக்கிறேன். பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது.

"போங்க சாமி, கடைசி பஸ்ஸுங்க."

தகரத்தை விடாமல், டிரைவரைப் போகச் சொல்லித் தலையசைக்கிறேன்.